பிழைகளைக் கேட்ட மருத்துவர்

நுழையும்முன்

நன்கு பழகிய ஒருவரின் பெயர் வேண்டிய நேரத்தில் நாவுக்கு எட்டாமல் நிற்பது எல்லாருக்கும் நேர்வது. முகம் தெரியும், ஊர் தெரியும், பெயரின் முதலெழுத்துகூடத் தெரிவதுபோல் இருக்கும். சற்று நேரம் கழித்து, வேறு வேலையில் இருக்கும்போது அந்தப் பெயர் தானாக வந்து நிற்கும். அது வராமலேயே போய்விட்டால் என்ன ஆகும்? ‘கதவு’ என்று சொல்ல நினைத்து ‘சன்னல்’ என்று சொல்லி, சொன்னது தவறு என்பதும் தெரியாமல் ஒருவர் பேசிக்கொண்டே போனால், கேட்பவர்கள் அவரைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகையோர் பலர் மனம் பேதலித்தவர்களாகக் கருதப்பட்டனர். அவர்களது தவறான சொற்களைப் பொறுமையாகக் கேட்டு, அவற்றுக்குக் காரணம் கண்ட ஒரு மருத்துவரின் வாழ்க்கை இது.

சுரங்க நகரத்தில் பிறப்பு

கார்ல் வெர்னிக்கே 1848ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் மேல் சைலீசியாவிலுள்ள டார்னோவிட்சு என்னும் சிறு நகரத்தில் பிறந்தார். வெள்ளியும் ஈயமும் தோண்டி எடுக்கப்பட்ட பழைய சுரங்க நகரம் அது. அப்போது பிரஷ்யாவுக்கு உரியதாக இருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் அரசு ஊழியர். வெர்னிக்கே பதின்பருவத்தைக் கடப்பதற்குள் காலமானார். வசதி குறைந்த குடும்பம் என்றாலும் கல்வி தடைப்படவில்லை. பிரெசுலாவு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1870இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. இளைஞரான வெர்னிக்கே படை மருத்துவராகப் பணியாற்றினார். போர் முடிந்ததும் பிரெசுலாவுக்குத் திரும்பி, அங்கிருந்த அனைத்துப் புனிதர் மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் பேராசிரியர் ஐன்ரிக் நாய்மனின் கீழ் உதவி மருத்துவராகச் சேர்ந்தார்.

அவருடைய வாழ்வின் திசையை அந்தப் பணியிடமே தீர்மானித்தது. மனநோயாளர் எனக் கொண்டுவரப்பட்டவர்களை நாள்தோறும் கண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்கும் வேலை அது.

பாரிசில் கிடைத்த முதல் விடை

பேச்சுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அப்போது ஐரோப்பா முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமானவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் பிரோக்கா. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாரிசு அருகிலுள்ள பிசேத்ரு மருத்துவமனையில் நோயாளி ஒருவர் அவரிடம் கொண்டுவரப்பட்டார். 51 வயதான அவர் 21 ஆண்டுகளாக அங்கேயே தங்கியிருந்தவர். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்னும் ஓர் அசையைத்தான் விடையாகச் சொல்வார். கோபம் மிகும்போது மட்டும் ஒரு வசைச்சொல் வெளிப்படும். ஆனால் பிறர் சொல்வதை அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டார். எண்ணிக்கையைக் கேட்டால் விரல்களால் காட்டினார். சில நாள்களில் அவர் இறந்தபோது பிரோக்கா அவரது மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க முன்மடலின் ஒரு பகுதி சிதைந்திருந்தது. அதுபோன்ற நோயாளர் பலரைக் கண்டபின், பேச்சுக்குரிய பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பாதியிலேயே அமைந்துள்ளது என 1865இல் அவர் அறிவித்தார்.

மூளைச் சிதைவால் மொழியை இழக்கும் இந்நிலைக்கு ‘அஃபேசியா’ என்னும் பெயர் நிலைபெற்றது. தமிழில் இதனை மொழியிழப்பு எனலாம். நாக்கும் தொண்டையும் செயலிழந்ததால் வரும் பேச்சுத் தடையும் அறிவு மங்கியதால் வரும் குழப்பமும் இதில் அடங்கா.

பிரோக்காவின் விடை பெரியது. ஆயினும் அது பாதி விடைதான். சொற்கள் வராமல் திணறுவோருக்கு அது பொருந்தியது. சொற்கள் தடையின்றி வந்தும் அவை தவறான சொற்களாக அமைந்துவிடுவோர்க்கு அது பொருந்தவில்லை. அத்தகையோர் பேச்சிழந்தவர்களாகவே எண்ணப்படவில்லை. பேசுகிறவரைப் பேச்சிழந்தவர் என்று யார் சொல்வார்?

வியன்னாவில் ஆறு மாதங்கள்

இக்காலத்தில் வெர்னிக்கே வியன்னாவுக்குச் சென்று தியோடர் மைனர்ட் என்னும் மூளை உடற்கூற்றியல் அறிஞரிடம் ஆறு மாதங்கள் பயின்றார். கற்ற காலம் சிறிது. அதன் தாக்கம் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. பிற்காலத்தில் தம் மருத்துவப் பணியிடத்தில் அவர் மைனர்ட்டின் படத்தை வைத்துப் போற்றினார் என்பர்.

மைனர்ட்டிடமிருந்து அவர் இரண்டு கருத்துகளைப் பெற்றார். மூளையின் பின்பகுதி பெரும்பாலும் புலனுணர்வுகளைப் பெறுவது, முன்பகுதி இயக்கத்தைத் தூண்டுவது என்பது ஒன்று. மூளையின் வெவ்வேறு பகுதிகளை நரம்பிழைகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன என்பது மற்றொன்று. செவிவழி வரும் ஒலி கன்னப் பொட்டுக்கு உட்புறமுள்ள பக்கமடலைச் சென்றடைகிறது என்பதையும் மைனர்ட் கருதியிருந்தார். இவற்றைக் கேட்டறிந்த மற்ற மாணவர்களும் இருந்திருப்பர். பிரெசுலாவில் தாம் கண்ட நோயாளரின் பேச்சோடு இவற்றைப் பொருத்திப் பார்த்தவர் வெர்னிக்கே.

இரண்டு பெண்கள்

பிரெசுலாவு மருத்துவமனையில் 75 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் விடை சொன்னார். இட்ட கட்டளை ஒன்றையும் செய்யவில்லை. எனவே, காது கேளாதவர் என்றும் முதுமையால் அறிவு குழம்பியவர் என்றும் அவரைக் கருதினர். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது இடப்பக்கப் பக்கமடலின் முதல் மடிப்பு குருதியோட்டம் தடைப்பட்டு நைந்துபோயிருந்தது.

மற்றொருவர் 59 வயதுப் பெண். நோய் அவரைத் திடீரெனத் தாக்கியது. கைகால்களில் வாதம் இல்லை. பேச்சும் நின்றுவிடவில்லை. ஆனால், தம்மிடம் சொல்லப்பட்ட எதையும் அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. பேசும்போது சொற்கள் இடம் மாறி, உருமாறி வந்தன. அவரும் முதலில் மனக்குழப்பம் உடையவராகவே தோன்றினார். வெர்னிக்கே அவரை நாள்தோறும் கவனித்தார். அப்பெண்ணின் நடத்தையில் குழப்பம் இல்லை; பொருள்களை உரிய முறையில் கையாண்டார்; ஓசையைக் கேட்டுத் திரும்பினார். கெட்டுப்போயிருந்தது சொல் மட்டுமே. வாரங்கள் செல்லச் செல்ல அவருக்குப் பிறர் பேச்சு மெல்ல மெல்லப் புரியத் தொடங்கியது. பித்துப் பிடித்தவர் என்று அவரை ஒதுக்கியிருந்தால் இந்த முன்னேற்றத்தை எவரும் குறித்து வைத்திருக்கமாட்டார்கள்.

இருபத்தாறு வயதில் எழுதிய நூல்

1874இல் வெர்னிக்கே மொழியிழப்பின் அறிகுறிகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பக்கங்களே கொண்ட அச்சிறு நூல் உளவியலை உடற்கூற்றின்மீது நிறுத்த முயன்றது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அந்நூலின் அடிப்படை எளியது. குழந்தை பேசக் கற்பது கேட்டதைத் திரும்பச் சொல்வதால். ஒரு சொல்லைப் பலமுறை கேட்கும்போது அதன் ஒலிப்படிமம் பக்கமடலில் பதிகிறது. அச்சொல்லை ஒலிப்பதற்கு உதடும் நாவும் அசைய வேண்டிய முறை, அதாவது இயக்கப்படிமம், பிரோக்கா காட்டிய முன்மடல் பகுதியில் பதிகிறது. இரண்டையும் நரம்பிழைகள் இணைக்கின்றன. வளர்ந்தபின் நாம் ஒரு பொருளைப் பார்த்துப் பெயர் சொல்லும்போது, அப்பொருளைப் பற்றிய நினைவு இயக்கப்படிமத்தைத் தூண்டுகிறது. அதே நேரத்தில் ஒலிப்படிமமும் விழித்தெழுந்து, வெளிவரும் சொல் சரியானதுதானா என்று நாம் அறியாமலேயே திருத்திக்கொண்டிருக்கிறது. பாடுபவருக்கு அருகில் சுருதிப்பெட்டி ஒலிப்பதுபோல் என்று இதனை விளக்கலாம். சுருதி நின்றுவிட்டாலும் பாடகரின் குரல் நிற்பதில்லை. ஆனால் சுரம் விலகத் தொடங்கும்.

இந்த ஒரு கருத்தால், அதுவரை வெவ்வேறாகத் தோன்றிய இரண்டு குறைகள் ஒரே காரணத்தில் வந்து சேர்ந்தன. ஒலிப்படிமம் அழிந்தால் பிறர் பேச்சு புரியாது. கேட்கும் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை. அதே காரணத்தால் தம் பேச்சைத் திருத்தும் துணையும் போய்விடுகிறது. ஆகவே, தங்குதடையின்றிப் பேசினாலும் சொற்கள் பிறழ்கின்றன. பிறழ்ந்தது பேசுபவருக்கும் தெரிவதில்லை. இடப்பக்கப் பக்கமடலின் மேல்மடிப்பில் பின்புறமாக உள்ள அப்பகுதி இன்று ‘வெர்னிக்கே பகுதி’ என்றும், அது சிதைவதால் வரும் குறை ‘வெர்னிக்கே மொழியிழப்பு’ என்றும் அழைக்கப்படுகின்றன.

பிழைகளின் வகைகள்

வெர்னிக்கேவுக்குப் பின் வந்தோர் நோயாளரின் பிழைகளை இன்னும் நுணுகிப் பிரித்தனர். எழுத்து, சொல், தொடர் என்று மொழியைப் பகுத்து நோக்கும் இலக்கண மாணவருக்கு இப்பகுப்பு அயலானதன்று. தமிழ்ச் சொற்களைக் கொண்டே இதனை விளக்கலாம்.

‘பால்’ என்று சொல்ல வேண்டியவர் ‘தயிர்’ என்கிறார். ‘அக்காள்’ என்று அழைக்க நினைத்தவர் ‘அம்மா’ என்கிறார். சொல் தவறு, ஆனால் அது எங்கிருந்தோ வந்த சொல் அன்று. உரிய சொல்லின் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. இதனைப் பொருள்வழிப் பிறழ்வு எனலாம். ‘பம்பரம்’ என்பது ‘பரம்பம்’ என்றோ ‘தம்பரம்’ என்றோ வெளிப்பட்டால், சொல் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் ஒலிகளை அடுக்கும்போது பிழை நேர்ந்துள்ளது. இது ஒலிவழிப் பிறழ்வு. ஒலிகள் மிகுதியாக மாறி, எந்தச் சொல்லின் திரிபு என்றே கண்டறிய இயலாத புதுச்சொல் பிறப்பதும் உண்டு. அத்தகைய சொற்களே நிறைந்த பேச்சு, தெரியாத அயல்மொழியைப் போல ஒலிக்கும். ஏற்ற இறக்கமும் நிறுத்தங்களும் மட்டும் தம் தாய்மொழிக்கு உரியனவாக இருக்கும்.

இன்னொரு பிழை கேட்பவரை மிகவும் குழப்புவது. சீப்பைக் காட்டிக் கேட்டதும் ‘சீப்பு’ எனச் சரியாகச் சொன்னவர், அடுத்துக் காட்டப்படும் சாவிக்கும் கடிகாரத்துக்கும் ‘சீப்பு’ என்றே சொல்வார். ஒருமுறை எழுந்த சொல் அடங்காமல் மீண்டும் மீண்டும் முன்வந்து நிற்பதால் இவ்வாறு நேர்கிறது.

பிரோக்கா கண்ட வகையினரிடம் பிழையின் தோற்றமே வேறு. அவர்களுக்குத் தொடர் உடைந்துவிடும். நேற்றுக் கடைக்குப் போய் அரிசி வாங்கியதைச் சொல்ல முயலும் ஒருவர் ‘நேற்று… கடை… அரிசி’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பெயர்ச்சொற்கள் ஓரளவு மிஞ்சும். வேற்றுமை உருபுகளும் வினையும் கழன்றுபோகும். தந்தி வாசகம் போன்ற பேச்சு என்று இதனைக் கூறுவர். தம் பேச்சு குறையுடையது என்பதை அவர்கள் நன்கு அறிவர். அந்த அறிவே அவர்களை வருத்தும். கண்ணீரும் எரிச்சலும் இவ்வகையினரிடம் மிகுதி. வெர்னிக்கே வகையினர் தொடக்க நாள்களில் தம் குறையை உணராமல், தம்மைப் புரிந்துகொள்ளாத பிறர்மீது சினம் கொள்வதுண்டு. வீட்டாருக்கு எது பெரிய துன்பம் என்று சொல்வது அரிது.

தெரியுமா?
மொழியிழப்பு வாயால் பேசும் மொழிக்கு மட்டும் உரியதன்று. பிறவியிலேயே காது கேளாமல் சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் மூளையின் இடப்பாதி சிதைந்தால் அம்மொழியில் குறை ஏற்படுகிறது. கைகள் நன்கு இயங்கினாலும், சைகைகளின் வடிவம் பிறழ்வதும் சைகைத் தொடர்கள் உடைவதும் உண்டு.

பெயர் மட்டும் வராத நிலை

மொழியிழப்பில் எந்த வகையாயினும் ஏறக்குறைய எல்லாரிடமும் காணப்படும் குறை ஒன்று உண்டு. அது பொருளின் பெயரைச் சொல்ல இயலாமை. சிலருக்கு இது ஒன்று மட்டுமே குறையாக நிற்கும். அவர்கள் நன்கு பேசுவர். பிறர் பேச்சைப் புரிந்துகொள்வர். சொன்னதைத் திருப்பிச் சொல்வர். பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். சாவியைக் காட்டினால் பூட்டைத் திறப்பது, இடுப்பில் செருகிக்கொள்வது என்று சுற்றி வளைத்துச் சொல்வர். சாவியைத் திருகுவதுபோல் கையாலும் காட்டுவர். பொருளை அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ‘இது கரண்டியா?’ என்று கேட்டால் உடனே தலையசைத்து மறுப்பர். ‘சா’ என்று முதல் ஒலியை எடுத்துக் கொடுத்தால் ‘சாவி’ என்று சொல் முழுவதுமாக வந்துவிடுவதும் உண்டு. சொல் அழிந்துவிடவில்லை; அதற்குச் செல்லும் வழி அடைபட்டிருக்கிறது.

வழக்கில் மிகுதியாக உள்ள சொற்கள் எளிதில் வருகின்றன. அரிதாக வழங்கும் சொற்கள் முதலில் மறைகின்றன. கிழமைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் ஒருவரால், இன்று என்ன கிழமை என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் போகலாம். உரையாடலில் ஒரு தொடரும் சொல்ல இயலாதவர், இளமையில் கற்ற பாட்டைப் பாடுவதும் உண்டு. பழக்கத்தால் தானாக வரும் பேச்சும் வேண்டித் தேடிச் சொல்லும் பேச்சும் ஒரே தன்மையன அல்ல என்பதை ஆங்கிலேய மருத்துவர் சான் இயூலிங்சு சாக்சன் அக்காலத்திலேயே எடுத்துக்காட்டினார்.

காணாத நோயை முன்னறிதல்

வெர்னிக்கேயின் நூலில் வியப்புக்குரிய பகுதி, அவர் அதுவரை தெளிவாகக் காணாத ஒரு நிலையைக் கணித்தது. ஒலிப்படிமம் நலமாக உள்ளது. இயக்கப்படிமமும் நலமாக உள்ளது. இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால் என்ன நேரும்? பிறர் பேச்சு புரியும். தாமும் சரளமாகப் பேசுவர். ஆனால் சொற்கள் பிறழும். அப்பிறழ்ச்சியை அவர்களே உணர்ந்து திருத்த முயல்வர் என்று அவர் காரணத்தைக் கொண்டே கூறினார். இணைப்புவழி மொழியிழப்பு என இது பெயர் பெற்றது. 1885இல் லூத்விக் லிக்தைம் என்பவர் வெர்னிக்கேயின் கருத்தை விரிவுபடுத்தி, கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்ல இயலாமை இந்நிலையின் முதன்மை அடையாளம் என்பதை எடுத்துரைத்தார். அத்தகைய நோயாளர் பின்னர் அடையாளம் காணப்பட்டனர். அந்த இணைப்பு மூளையில் எவ்விடத்தில் செல்கிறது என்பதில் வெர்னிக்கே முதலில் கருதியது பின்னர்த் திருத்தப்பட்டது. ஆயினும் கணிப்பு நிலைத்தது.

பணியும் பூசலும்

புகழ் வந்த வேகத்தில் பதவி வரவில்லை. 1876இல் பெர்லினிலுள்ள சாரிட்டே மருத்துவமனையில் பேராசிரியர் வெசுட்பாலின் உதவியாளராகச் சேர்ந்த அவர், நிருவாகத்தோடு ஏற்பட்ட பூசலால் 1878இல் வெளியேறினார். பணிந்துபோகும் இயல்பு அவரிடம் இல்லை. அளந்து பேசுபவர்; எளிதில் நெருங்கிப் பழகாதவர் என்று அவரோடு பணியாற்றியோர் நினைவுகூர்ந்துள்ளனர். அடுத்த ஏழாண்டுகள் பெர்லினில் தனியாக மருத்துவம் பார்த்து வாழ்ந்தார்.

அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. மூளை நோய்களைப் பற்றி மூன்று தொகுதிகள் கொண்ட நூலை 1881 முதல் 1883 வரை வெளியிட்டார். கண்ணசைவு கெட்டு, நடை தள்ளாடி, மனம் குழம்பும் ஒரு கொடிய நோயை அந்நூலில் மூன்று நோயாளரைக் கொண்டு விளக்கினார். அதுவும் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. உயிர்ச்சத்து பி1 குறைவதே அதன் காரணம் என்பது அவர் காலத்துக்குப் பின்னர்த் தெரியவந்தது.

1885இல் பிரெசுலாவு பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைத்தது. 1890இல் முழுப் பேராசிரியரானார். அவரிடம் பயின்றோரும் அவருடன் பணியாற்றியோரும் தத்தம் துறையில் பெயர் நாட்டினர். கண்ணால் தெளிவாகக் கண்டும் பொருளை இன்னதென்று அறிய இயலாத நிலையை லிசாவர் 1890இல் ஆராய்ந்தார். கைகளில் வலுவிருந்தும் பழகிய செயலைச் செய்ய இயலாத நிலையை லீப்மன் 1900இல் விளக்கினார். இரண்டும் வெர்னிக்கே மொழியில் தொடங்கிய சிந்தனையின் கிளைகள். 1904இல் அவர் ஆல்லே பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

எதிர்ப்பும் மறுவாழ்வும்

வெர்னிக்கேயின் கருத்தை எல்லாரும் ஏற்கவில்லை. பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, நரம்பியல் மருத்துவராக இருந்த 1891இல், மொழியிழப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி, மூளையில் மொழியைத் தனித்தனி மையங்களாகக் கூறுபோடுவதை மறுத்தார். நலமாக உள்ளவரும் களைப்பில் சொல்மாற்றிப் பேசுவதையும் நோயாளர் சொல்மாற்றிப் பேசுவதையும் அவர் ஒருசேர வைத்துப் பார்த்தார். மூளைக்குள் கட்டங்களும் கோடுகளும் வரைவோர் என்று வெர்னிக்கே வழியினரை எள்ளி நகையாடியோரும் உண்டு. எள்ளலில் சிறிது நியாயமும் இருந்தது. மொழி அவ்வளவு சில இடங்களில் அடங்குவதன்று என்பதையும் ஒரே இடத்தில் சிதைவு பெற்ற இருவர் ஒரே வகையாகப் பிழை செய்வதில்லை என்பதையும் இன்றைய மூளைப் படமெடுப்பு காட்டுகிறது.

ஆனால் வெர்னிக்கே வெறும் மையங்களைப் பற்றி மட்டும் எழுதியவர் அல்லர். மிக எளிய செயல்களே தனித்தனி இடங்களுக்கு உரியன; சிந்தனை போன்றவை இடங்களுக்கு இடையிலான இணைப்புகளால் நிகழ்வன என்பதே அவர் கொள்கை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு மங்கியிருந்த இக்கொள்கையை 1965இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் நார்மன் கெசுவிண்டு மீண்டும் எடுத்து நிறுவினார்.

அதைக் காண வெர்னிக்கே இல்லை. ஆல்லேக்குச் சென்ற மறு ஆண்டு, துரிங்கியக் காட்டுப் பகுதியில் மிதிவண்டியில் சென்றபோது விபத்துக்கு உள்ளாகி, அதில் பட்ட காயங்களால் 1905ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்தேழு.

இன்று மூளையில் குருதியோட்டம் தடைப்பட்டு மருத்துவமனைக்கு வரும் ஒருவரிடம் மருத்துவர் மூன்றைச் சோதிக்கிறார். சொல்வதைக் கேட்டுச் செய்கிறாரா? சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா? காட்டிய பொருளின் பெயரைக் கூறுகிறாரா? பேச்சுப் பயிற்சியாளர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, விடைகளைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். விடை தவறாக இருந்தால், தவறு என்று அடித்துவிட்டு மேலே செல்வதில்லை. நோயாளர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ, எந்த ஒலியில் சொன்னாரோ, அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்கிறார்.